நில்லு

என் அக்கா புருசன் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதியதாக ஆகும்.

அவர் பெயர் வேண்டாம். நான் அவரைப் பாவா என்றுதான் கூப்பிட்டேன். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற ஊர் திருத்தணி. அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. அக்கா புருசன் என்றால் பாவாதான்.

நாங்கள் இரண்டு பேரும் டோலி தூக்கினோம். மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. ஏற முடியாதவர்களை மூங்கிலில் கட்டிய நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போவோம். ஏறும்போது குள்ளன் முன்னால், நெட்டையன் பின்னால். அப்போதுதான் நாற்காலி சாயாது. நான் குள்ளன். அவர் ஆறடி இருப்பார். ஆகவே ஏறும்போது எப்போதும் நான் முன்னால்.

பின்னால் வருகிறவனுக்கு வழி தெரியாது. நாற்காலியின் முதுகு மறைக்கும். முன்னால் போகிறவன் சொல்ல வேண்டும். ஏறு. தளம். வளைவு. நில்லு. நான்கே சொல். இதைப் படி சொல்வது என்போம். பின்னால் வருகிறவன் குனிந்து தன் காலையாவது பார்த்துக்கொள்வான். பாவா அதுவும் செய்ய மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார்.

முதல் நாளே நான் கத்தினேன். "கண்ணைத் தொறங்க பாவா. ஜனங்களைக் கீழ தள்ளிடப் போறீங்க."

"நீ சொல்லிகினு வறியே மச்சான். அப்பறம் கண்ணு எதுக்கு?"

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவர் குணமே அது. யார் எது சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வார். ஒருமுறை கடைத்தெருவில் ஒருவன் விளையாட்டாக, இன்று ரயில் கிடையாது என்றான். இவர் அரக்கோணம் வரை நடந்தே போய்த் திரும்பினார். நடுவழியில் அதே ரயில் இவரைத் தாண்டிப் போயிருக்கிறது. திரும்பி வந்தவர், "பாவம், அவனுக்கு யாரோ தப்பா சொல்லிட்டாங்க" என்றார்.

எனக்கு அதுவும் பொறாமைதான். நான் யாரையும் அப்படி நம்பியதில்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போனவர்கள். அக்காதான் எனக்கு எல்லாம். களி கிண்டினால் முதல் உருண்டை எனக்கு. கல்யாணம் ஆன மறுநாள் முதல் உருண்டை அவருக்குப் போனது. இது உலக வழக்கம். ஆம்பளை இதையெல்லாம் கவனிக்கக் கூடாது. நான் கவனித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வந்த மூன்று வருசமும் கவனித்தேன்.

டோலிக்கு வருகிறவர்களும் அவரைத்தான் கேட்பார்கள். உடம்பு பெருத்த அம்மா யாராவது கூச்சத்தோடு உட்கார்ந்தால், பாவா கம்பைத் தோளில் ஏற்றும்போது சொல்வார்: "அம்மா கிட்ட புண்ணியம் நெறைய கீது. அதான் கனம் தெரியுது." அந்த அம்மா சிரித்துவிடுவாள். மலை ஏறும்வரை சிரித்துக்கொண்டே வருவாள். இறங்கியதும் பழமும் தேங்காயும் அவர் கையில் கொடுப்பாள். பாதிக் கனம் என் தோளில் வந்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவர் பழத்தைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுப்பார். அதுவும் எனக்கு எரியும்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன. கூட்டம் குறைவு. ஒருநாள் காலை புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். பாதி மலைக்குமேல் ஒரு வளைவு. நான் "ஏறு" என்றேன். பாவா நின்றுவிட்டார். கம்பு என்னைப் பின்னால் இழுத்தது. நாற்காலி ஆடியது. பெரியம்மா அலறினாள்.

"இன்னா பாவா?"

"நீதானே நில்லுன்னே."

"நான் எங்க சொன்னேன்? ஏறுன்னேன்."

"இல்ல மச்சான். நில்லுன்னு கேட்டுச்சி."

அவர் சொல்லி முடிக்கவில்லை. மேலே குரங்குகள் சண்டை போட்டன. ஒரு கல் பெயர்ந்தது. நான் கால் வைக்க வேண்டிய படியில் வந்து விழுந்தது. தெறித்துப் பள்ளத்தில் உருண்டது. மனுசன் தலை அளவு கல்.

பெரியம்மா நாற்காலியை விட்டு இறங்கினாள். "எவரு செப்பினாரு?" என்று அவரைக் கேட்டாள். யார் சொன்னது என்று.

"தெரியல தாயே. முன்னாலேர்ந்து கேட்டுச்சி" என்றார் பாவா.

அவர் சொன்னது முன்னால். என்னைத்தான் சொன்னார் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. ஆனால் முன்னால் என்ன இருக்கிறது? மலை உச்சியில் கோயில் இருக்கிறது. பெரியம்மா கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு பாவாவின் காலில் விழுந்தாள். மடியில் இருந்த கற்பூரத்தை எடுத்து அந்தப் படியிலேயே ஏற்றினாள்.

அடுத்த கிருத்திகைக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. முருகன் டோலிக்காரனிடம் பேசுகிறான். அந்தப் படிக்கு மஞ்சள் பூசினார்கள். பாவாவுக்கு நில்லு சாமி என்று பெயர் வைத்தார்கள். அவர் நின்றால் டோலியில் இருக்கிறவர்கள் கை கூப்பினார்கள். அவர் அடிக்கடி நிற்க ஆரம்பித்தார்.

தப்பியது என் கால். என் உயிர் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு நன்றி வரவில்லை. எனக்குச் சொல்லியிருக்கலாமே என்றுதான் வந்தது. படி சொல்கிறவன் நான். மாதக் கிருத்திகை தவறாமல் பட்டினி கிடக்கிறவன் நான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவன் நான். பதினொரு வருசமாக அவன் மலையில் ஏறி இறங்குகிறேன். என்னிடம் ஒரு சொல் இல்லை. நேற்று வந்தவரிடம் வாய் திறந்துவிட்டான்.

ஒரு மத்தியானம், யாரும் இல்லாத வெயிலில், அந்தப் படியில் போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். கிளி கத்தியது. கீழே ஸ்டேஷனில் ரயில் ஊதியது. கால் சுட்டது. வேறு ஒன்றும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அன்று முதல் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். பொய் சொல்கிறார் என்று பிடித்துக் காட்ட வேண்டும். அதுதான் நினைப்பு. அக்கா அவரைப் பார்த்ததைவிட நான் அதிகம் பார்த்தேன். பாசத்தால் இல்லை.

பார்க்கப் பார்க்க வேறு ஒன்று தெரிந்தது.

ஒருநாள் ஒரு பருத்த மிராசுதார் நாற்காலியில் உட்கார்ந்தார். புண்ணியத்தின் கனம் பற்றிப் பாவா இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரியும். அவர் சொல்லவில்லை. மலை உச்சி வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எப்போதுமே சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா மகள் பேச ஆரம்பித்த சமயம். தவழ்ந்து வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முதல்முதலாக "நைனா" என்றது. பாவா குனிந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அக்கா சொன்னாள்: "சாமிக்கு ஆனவங்களுக்குப் பாசம் அத்துப்போவும்டா. பெரியவங்க அப்படித்தான்." சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

தினம் துவைத்து நாலாக மடித்துத் தோளில் போடுகிற துண்டு அழுக்கேறி நாறியது. குளத்தங்கரையில் தண்ணீரைப் பார்த்துச் சிரித்தார். உதடு அசைந்தது. கேட்டால் பேச்சு எங்கோ தொடங்கி எங்கோ முடிந்தது. "ரயில்ல உப்பு போவுது மச்சான், அதான் எனக்குப் பல்லு கூசுது" என்றார். இன்னொரு நாள் கடைத்தெருவில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நான் மனசுல நெனைக்கிறது அவங்களுக்குக் கேக்குது. பாரு, எல்லாம் திரும்பறாங்க." யாரும் திரும்பவில்லை.

சாப்பாட்டு விஷயம்தான் மோசம். சாப்பிடுமுன் காக்கைக்கு ஒரு பிடி வைப்பது எல்லோர் வீட்டிலும் உண்டு. பாவா மூன்று பிடி வைத்தார். வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து காக்கையையே பார்ப்பார். வெகு நேரம் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள், என்ன பக்தி என்றார்கள். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். நான் மட்டும் அவர் கண்ணைப் பார்த்தேன். காக்கை சாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே குளத்தங்கரையில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"சாமி நில்லுன்னு மட்டுந்தான் சொல்லுதா பாவா? வேற எதுனா சொல்லுதா?"

அவர் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"சொல்றதே நீதானே மச்சான்."

எனக்கு விளங்கவில்லை. "சாமி இல்லியா?"

"சாமின்னு அவங்க சொல்றாங்க. நான் சொன்னனா? நில்லுன்னு கேட்டுச்சின்னுதான் சொன்னேன். உன் குரல்தான். படி சொல்ற அதே குரல். இப்ப நீ சும்மா இருக்கும்போதும் பேசறே. படுத்தாலும் பேசறே. அக்கா களியில மருந்து வெக்கிறா, துன்னாதேன்னு சொல்றே. நீ எதுக்கு உசுரோட கீறேன்னு கேக்கறே."

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, "நான் இன்னா தப்பு பண்ணேன் மச்சான்?" என்று கேட்டார்.

அந்தச் சொல் ஒன்றையும் நான் வாயால் சொன்னதில்லை. மனசால் சொன்னதில்லை என்று கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்ய என்னால் முடியாது.

"நான் சொல்லல பாவா" என்றேன்.

"இதோ, இப்பவும் உன் குரல்தான்" என்றார்.

அதற்குமேல் நான் என்ன பேசினாலும் அந்தக் குரலோடு சேர்ந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் தோள் புண்ணுக்கு மருந்து வாங்குகிற சாக்கில் தர்ம ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். குரல் என்னுடையது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் மருந்தை அரைத்துக்கொண்டே கேட்டார். "இது சாமியும் இல்ல, காத்து கருப்பும் இல்லபா. சீக்கு. பட்டணத்துல இதுக்குன்னு பெரிய ஆஸ்பத்திரி கீது. சோறு எறங்காம போனா ஆள் நிக்க மாட்டான். சீக்கிரம் இட்டுகினு போ" என்றார்.

அக்காவிடம் சொன்னேன்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? ஊரே கால்ல விழுதுடா அவருக்கு."

"சாமி இல்லக்கா. சீக்கு."

"உனக்கு வயித்தெரிச்சல்."

அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"அவர் இந்த வூட்ல கால் வெச்ச நாளா எனக்குத் தெரியும். களி உருண்டைய பாத்துகினு இருப்பே. யாருக்கு மொதல்ல போவுதுன்னு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சாமி அவர் கிட்ட பேசிடுச்சின்னு உனக்குப் பொறுக்கல."

அவள் சொன்னது நிஜம். நான் சொன்னதும் நிஜம். முதல் நிஜம் இரண்டாவதை நம்பவிடாமல் செய்தது. வேறு எவனாவது சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். வேறு எவனும் பார்க்கவில்லை.

குரல் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நான்தான் ஏவல் விட்டேன் என்பாள். ராத்திரி பகலாக எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

பாவா கோயிலில் உடைக்கிற தேங்காயை மட்டும் சாப்பிட்டார். பிறகு அதுவும் நின்றது. விலா தெரிந்தது. கழுத்தில் நரம்பு எழும்பியது. விரதம் என்று ஊரில் சொன்னார்கள். இன்னும் அதிகம் பேர் காலில் விழுந்தார்கள். எத்தனை நாள் தாங்குவார் என்று நான் அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துவிட்டால் அந்தப் படியில் சமாதி கட்டுவார்கள். அக்காவும் பூப் போடுவாள்.

ஒரு வழிதான் தோன்றியது. அக்காவிடம் சொன்னேன்: "எனக்கு வயித்தெரிச்சல்தான். நீயே வந்து பாரு. சாமி பேசற எடத்துக்கு உன்னைத் தூக்கிகினு போறோம்."

டோலிக்காரன் பெண்டாட்டி டோலியில் உட்கார்ந்ததில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். மலையடியில் பூக்கட்டுகிறவர்கள் கேலி செய்தார்கள். "ஏய், ராணியம்மா பவனி வராங்கடி, வழி வுடுங்க!" அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாள் ஆகியிருந்தது.

நாற்காலியை என் பக்கம் ஒரு முழம் தள்ளிக் கட்டினேன். கனம் என் மேல் வரும். பாவாவின் தோளுக்குக் கனம் குறையும். பிறகு என் துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். முடிச்சைப் பின்கழுத்தில் போட்டேன். நாற்காலியில் இருக்கிறவளுக்கு அந்த முடிச்சு நேர் எதிரே தெரியும். பாவாவுக்குத் தெரியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஏறினோம். நான் ஒரு சொல் சொல்லவில்லை.

பின்னால் பாவா, "ஆங்" என்றார். ஏறினார். "ஆங், தளம்." தளம்தான் அது. காலுக்குப் பழகிய படிகள். "ஆங். ஏறறேன். ஆங்."

"யார் கிட்ட பேசிகினு வறீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"மச்சான் கிட்ட. படி சொல்றான் இல்ல?"

அக்கா என் பக்கம் குனிந்து, "டேய் தம்பி" என்று கூப்பிட்டாள். நான் தலையைத் திருப்பி, கட்டிய வாயைக் காட்டினேன். திரும்பிக்கொண்டேன்.

மஞ்சள் பூசிய படி வந்தது. பாவா நின்றார். நானும் நின்றேன். அக்காவின் காதுக்குப் பின்னால் அவர் பேசினார். கெஞ்சினார்.

"அப்பிடி சொல்லாத மச்சான். அவ மருந்து வெக்க மாட்டா. துன்னலேன்னா அவ அழறா. நீ துன்னாதேன்னு சொல்றே. நான் யார் பேச்சைக் கேக்கறது? ஒரு வாய் துன்னுட்டுமா? பசிக்குது மச்சான். ரொம்பப் பசிக்குது."

"எறக்குடா" என்றாள் அக்கா.

இறக்கினோம். அவள் எழுந்து வந்து என் பின்கழுத்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவிழ்த்தாள். பாவா கண்ணை மூடியபடி நின்றுகொண்டிருந்தார்.

"பட்டணத்துக்கு ரயில் எத்தினி மணிக்கு?" என்றாள்.

அவ்வளவுதான். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள். அன்று சாயங்கால ரயிலில் போனோம்.

டாக்டர் வயசானவர். மூக்குக் கண்ணாடி. என் பாவாவிடம் ஒரு மணி நேரம் பேசினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என்னை யாரும் அத்தனை நேரம் எதுவும் கேட்டதில்லை. அங்கேயும் அந்த நினைப்பு எனக்கு வந்தது.

பிறகு எங்களைக் கூப்பிட்டார். சீக்குக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் சொன்னார். என் வாயில் நுழையவில்லை. மனச்சிதைவு என்று வெகு காலம் கழித்துத் தமிழில் பார்த்தேன்.

"இல்லாத குரல் கேக்கும். இல்லாத பகை தெரியும். பேச்சு கோர்வையா வராது. இதெல்லாம் ஊர் கண்ணுக்குப் படும். இன்னொரு பக்கம் இருக்கு. சிரிப்பு, ஆசை, குளிக்கணும் துவைக்கணும்கிற நினைப்பு, ஒவ்வொண்ணா வத்திப்போகும். அதை வீட்டுல கூட கவனிக்க மாட்டாங்க. நீ எப்படிக் கவனிச்சே?"

"பாத்துகினே இருந்தேங்க" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அக்கா தரையைப் பார்த்தாள்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். பாவாவின் தாய்மாமன் ஒருவர் பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையில் இருந்தார். தனியே பேசிக்கொண்டு, கோணி கட்டிக்கொண்டு திரிந்து, ஒருநாள் எங்கோ போய்விட்டார். சித்தர் என்று சொல்வார்கள். அக்கா அதைச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். "சில குடும்பத்துல வழி வழியா வரும். எல்லாருக்கும் வராது. மூளையில என்ன ஆகுதுன்னு எங்களுக்கே முழுசா தெரியாது. வளர்ப்பு, பாவம், சாபம் எதுவும் இல்லை."

அக்கா வெளியே போனதும் நான் கேட்டேன். "ஒருத்தன் வயித்தெரிச்சல்ல இது வருங்களா?"

"யாரோட வயித்தெரிச்சல்?"

நான் அக்கா போன வாசலைப் பார்த்தேன்.

"வராதுப்பா. வரும்னா இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான் இங்க கட்டில் போடணும்."

"அவருக்குக் கேக்கறது என் குரலுங்க. என் குரல் ஏன்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுக்கு எனக்குப் பதில் தெரியாது. ஆனா பழகின குரல்ல கேக்கறது உண்டு. அவர் காதுல அதிகமா விழுந்த குரல் யாரோடது?"

"என்னுதுங்க."

"அவ்வளவுதான்."

நாலு மாசம் அங்கே இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் போடுகிற ஊசியை, நினைவு தப்பும் அளவுக்குப் போட்டார்கள். பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பினார்கள். நெற்றிப்பொட்டில் கரண்டு வைத்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் இருந்தது. ஒருமுறை பார்க்கப் போனபோது அவருக்கு அக்கா பெயர் ஞாபகம் வரவில்லை. என்னைப் பார்த்து, "படி சொல்றவன்" என்றார். அக்கா அழுதாள். அவளுக்கு அப்போது என்மேல் பொறாமை வந்ததா தெரியாது. வந்திருந்தால் அது ஒரே தடவை.

மெல்லச் சாப்பிட ஆரம்பித்தார். ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார். "போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. திரும்ப வரலாம். தூக்கம் கெட்டா, சாப்பாட்டை ஒதுக்கினா உடனே கூட்டிட்டு வாங்க. குரல் இல்லவே இல்லைன்னு அவரோட சண்டை போடாதீங்க. உங்களுக்குத்தான் இல்லை. அவருக்குக் கேக்குது."

ஊரில் என்னைத் திட்டினார்கள். பூக்கட்டுகிற ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள்: "மலையில பேசிகினு இருந்த சாமிய கரண்டு வெச்சி ஓட்டிட்டியாமே, நல்லா இருப்பியாடா?" நான் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

பாவா பழைய பாவா இல்லை. மெதுவாக நடந்தார். மெதுவாகப் பேசினார். ஆனால் மகளை மடியில் வைத்துக்கொண்டார். ஆறு மாசம் ஆனதும் ஒருநாள், டோலி தூக்க வருகிறேன் என்றார்.

"குரல் கேக்குதா இன்னும்?"

"கேக்குது. தூரத்துல. பக்கத்து வூட்டுல பேசற மாதிரி." கம்பைத் தொட்டுப் பார்த்தார். "எது நீ, எது அதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும் மச்சான்?"

கம்பை அவர் தோளில் வைத்தேன். முன்னால் போய் நின்று மூங்கிலை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"தெரியுதா?"

"தோள்ல தெரியுது."

"இது நான். தட்டிட்டுத்தான் படி சொல்வேன். தட்டு இல்லாம எது சொன்னாலும் அது நான் இல்ல. கேக்காதீங்க."

அவர் தோளைத் தடவிக்கொண்டார். பிறகு சிரித்தார். கோணலாக, ஒரு பக்கமாக. "அதுக்குத் தட்டத் தெரியாது" என்றார்.

அப்புறம் வெகு வருசம் அப்படித்தான் தூக்கினோம். தட்டு, ஏறு. தட்டு, வளைவு. நடுவில் இரண்டு தடவை சீக்கு திரும்பியது. இரண்டு தடவையும் காக்கைக்கு மூன்று பிடி வைத்த அன்றே ரயில் ஏற்றினோம். பிறகு மாத்திரை வந்தது. கை நடுங்கும், வாய் உலரும். ஆனால் சாப்பிட்டார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பருத்த அம்மா ஒருத்தியிடம் புண்ணியம் கனமாக இருக்கிறது என்றார். அன்று எனக்கு எரியவில்லை.

கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறினார்.

காய்ச்சலில் போனார். அக்காவும் போய்விட்டாள். நான் இருக்கிறேன். மலைக்குப் போனால் அந்தப் படியில் நிற்கிறேன். மஞ்சள் எப்போதோ அழிந்துவிட்டது. கைத்தடியால் கல்லை இரண்டு தட்டுத் தட்டுகிறேன். காது கொடுக்கிறேன். கிளி. காற்று. கீழே ரயில்.

அது சீக்கு. அவரை அது என்ன பாடு படுத்தியது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். இருந்தும் சொல்கிறேன். நான் வாய் திறக்காதபோதும் அவருக்கு என் குரல் கேட்டது. அவர் குரல் எனக்கு ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அந்தப் பொறாமை போகவில்லை.